காம்பினேஷன் மெஷினிலேயே ஸ்பிண்டிலா, தனி மெஷினா?

கேள்வி: காவேரிப்பட்டினத்தில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். அறுப்பு, இழைப்பு, துளை மூன்றும் செய்யும் காம்பினேஷன் மெஷின் இருக்கிறது. வேம்பிலும் தேக்கிலும் நிலை, பேனல் கதவு செய்கிறேன். மோல்டிங் (ஓர அலங்கார வடிவம்) எடுக்க அதிலேயே ஸ்பிண்டில் (கட்டர் பூட்டிச் சுழலும் தண்டு) இணைப்பு பூட்டிக்கொள்ளலாமா, தனி ஸ்பிண்டில் மோல்டர் வாங்குவதா? இணைப்பின் விலை பாதிகூட இல்லை. சிங்கிள் பேஸ் கரண்ட்தான்.

பதில்: பேனல் கதவு என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காகவே தனி மெஷின் வாங்குங்கள் என்பேன்.

பேனல் கதவில் நெடுஞ்சட்டத்தின் உள்ஓரத்தில் காடியும் (பேனல் செருகும் பள்ளம்) மோல்டிங்கும் ஓடும். குறுக்குச்சட்டத்தின் முனையில் அதற்கு நேர் எதிரான வடிவம் வர வேண்டும். இரண்டும் அரை மில்லிமீட்டர் தவறினாலும் மூட்டில் படி தெரியும். கட்டரை ஒருமுறை சரியான உயரத்துக்கு வைத்துவிட்டால் வேலை முடியும்வரை அதைத் தொடக் கூடாது. ஆனால் நடுவில் ஒரு குறுக்குச்சட்டம் சிராய் பெயர்ந்து வீணாகிவிடும். மாற்றுக் கட்டையை அறுத்து இழைக்க வேண்டும். காம்பினேஷன் மெஷினில் பெரும்பாலும் அதற்கு ஸ்பிண்டிலைக் கழற்றியாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது பழைய உயரம் அப்படியே வராது. நானும் சில காலம் இப்படி ஓட்டியவன்தான். ஒரே ஒரு கட்டைக்காக அரை நாள் போனதுண்டு. எந்த மெஷினாக இருந்தாலும், ஒவ்வொரு அமைப்பிலும் இரண்டு கட்டை கூடுதலாக ஓட்டி வையுங்கள்.

அடுத்தது வேகம். மோல்டிங் கட்டரின் விளிம்பு நொடிக்கு 40 முதல் 70 மீட்டர் வேகத்தில் ஓடினால் நன்றாக வெட்டும். 120 மி.மீ. விட்டமுள்ள பேனல் கட்டரை நிமிடத்துக்கு 7000 சுற்றில் விட்டால் 44 மீட்டர் கிடைக்கும். ரம்பத்துக்கான தண்டிலிருந்தே பெல்ட் எடுக்கும் இணைப்பு 4500 சுற்றுதான் தருகிறது என்று வையுங்கள், அதே கட்டர் 28 மீட்டரில் நின்றுவிடும். 75 மி.மீ. கட்டர் என்றால் 18 மீட்டர்கூட வராது. அப்போது கட்டர் மரத்தை வெட்டாமல் பிய்க்கும், கட்டை திருப்பி உதைக்கவும் வாய்ப்பு அதிகம். கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது சுற்று எத்தனை என்பதைத்தான். கட்டர்மேல் பொறித்திருக்கும் உச்ச சுற்றை மட்டும் ஒருபோதும் தாண்டாதீர்கள்.

சிங்கிள் பேஸ் பெரிய தடை இல்லை. 2 அல்லது 3 ஹெச்.பி. மோட்டார் அதில் ஓடும். ஆழமான பேனலை ஒரே ஓட்டில் எடுக்காமல் மூன்று ஓட்டில் எடுங்கள். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் மோட்டார் திணறும், மரம் கருகும். மெல்லிய ஒயரில் நீட்டி இழுத்தாலும் இதே கதைதான், தடித்த ஒயராகப் போடுங்கள்.

சரி, இப்போது கையில் பணம் இல்லை என்றால்? அப்போதும் இணைப்பு வேண்டாம். நல்ல ரூட்டர் (சின்ன கட்டரை வேகமாகச் சுழற்றும் கை மெஷின்) ஒன்றை மேசைக்கு அடியில் பூட்டுங்கள். அதில் பூட்டும் சின்ன பிட்டுக்கு 20,000 சுற்றுக்கு மேல் தரும். ஓர மோல்டிங், சின்னக் காடிக்கு அது போதும். பெரிய பேனலுக்கு மட்டும் தனி மெஷின் வரும்வரை வெளியில் கொடுத்து எடுங்கள். ஜன்னல் சட்டத்துக்கு எப்போதாவது ஒரு ஓரம் உருட்டுவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் இணைப்பே போதும் என்று சொல்லியிருப்பேன்.

வாங்கும்போது பென்ஸின் (கட்டையை ஒட்டித் தள்ளும் வழிகாட்டித் தடுப்பு) இரண்டு பாதியும் தனித்தனியாக நகர்கிறதா என்று பாருங்கள். ஓரம் முழுவதையும் சீவியெடுக்கும் வேலையில், வெளிவரும் பக்கத்து பென்ஸ் அந்த அளவுக்கு முன்னால் வந்து கட்டையைத் தாங்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு ஸ்பிண்டிலைக் கையால் அசைத்தால் ஆட்டமே இருக்கக் கூடாது. அப்புறம், கட்டரை மூடும் காப்பு இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். கட்டையை எப்போதும் கட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத்தான் தள்ள வேண்டும். கட்டருக்கும் பென்ஸுக்கும் நடுவில் கட்டையை நுழைத்து ஓட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஈட்டி மாதிரி பறக்கும். விரல் போனால் திரும்ப வராது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

மெஷின் பார்க்கப் போகும்போது உங்கள் பட்டறை வேம்பிலேயே இரண்டு துண்டு எடுத்துப் போங்கள். ஒன்றை நீளவாக்கில், இன்னொன்றைப் பின்னால் தாங்குகட்டை வைத்து முனைக்குக் குறுக்காக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். முனை கருகாமல், கடைசியில் சிராய் பெயராமல் வந்தால் அட்வான்ஸ் கொடுங்கள்.