ஜிம்னி: சின்ன வண்டிக்கு ஏன் பெரிய விலை?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. கடைசி இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. மழை பெய்தால் எங்கள் கார் ஏறாது. மாருதி ஜிம்னி வாங்கலாம் என்றால், "நாலு பேர் உட்காரும் வண்டிக்கு இவ்வளவு விலையா, இதே காசுக்குப் பெரிய எஸ்யூவியே வருமே" என்கிறார்கள் வீட்டில். என்ன செய்யலாம்?

பதில்: வீட்டில் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காசு போயிருப்பது வண்டியின் அடியில். ஷோரூமில் கொஞ்சம் குனிந்து பாருங்கள்: லாரிக்கு இருப்பது போல ஏணி வடிவ சேஸிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்சில், நடுவில் இன்ஜின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அந்த விலையில் வரும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன்சக்கரம் மட்டும் இழுக்கிற கார்கள்தான்.

விலைக்கு இன்னொரு காரணம் வரி. இது கொஞ்சம் வேடிக்கையான கதை. ஹோப் என்ற சின்ன ஜப்பான் கம்பெனியிடமிருந்து உரிமையை வாங்கி, சுசூகி 1970-இல் கொண்டுவந்த எல்ஜே10-தான் முதல் ஜிம்னி. 359 சிசி, 25 குதிரைசக்தி. அங்கே சிறுகார் வரிச் சலுகைக்கு நீளம் 3 மீட்டருக்குள் இருக்க வேண்டும். ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டினால் அளவு தாண்டிவிடும் என்று அதை உள்ளே வைத்தார்கள். ஒரு சீட் போயிற்று. அப்படி வரிக்காகச் சுருங்கிப் பிறந்த வண்டிக்கு இங்கே சிறுகார் வரி கிடையாது. ஐந்து கதவு ஜிம்னியின் நீளம் 3,985 மில்லிமீட்டர், 4 மீட்டருக்குள்தான். ஆனால் பெட்ரோல் இன்ஜின் 1,462 சிசி. சிறுகார் வரம்பான 1,200 சிசியைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி 18 அல்ல, 40 சதவீதம்.

குருகிராமில் தயாராகும் இதே வண்டிக்கு 2025 ஜனவரியில் ஜப்பானில் நாலே நாளில் சுமார் 50,000 ஆர்டர் குவிந்து, புக்கிங்கையே நிறுத்தினார்கள். இங்கேயோ தள்ளுபடி கொடுத்து விற்க வேண்டியிருந்தது. அதனால் போர்டில் இருக்கும் விலையோடு நிற்காமல் பேரம் பேசுங்கள்.

உங்கள் பாதைக்கு இது பொருந்தும். எடை சுமார் 1,200 கிலோ, தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். ஒரு சக்கரம் பள்ளத்தில் அந்தரத்தில் சுற்றினால், வண்டியே அதைப் பிரேக் பிடித்து இழுவையை எதிர்ச் சக்கரத்துக்கு அனுப்பும். 4எல், அதாவது நாலு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு சுற்றும் கியர், போட வண்டியை நிறுத்திவிட்டு லிவரைத் தள்ள வேண்டும். டெஸ்ட் டிரைவில் நீங்களே போட்டுப் பாருங்கள். காய்ந்த தார் ரோட்டில் மட்டும் நாலு சக்கர இழுவை வேண்டாம், வளைவில் டயரும் கியரும் முறுக்கிக்கொள்ளும்.

சரி, குறைகள். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் கார் மாதிரி தானாகச் சட்டென்று திரும்பி வராது, கையால் கொண்டுவர வேண்டும். பின் சீட் நிமிர்ந்திருந்தால் டிக்கி 208 லிட்டர்தான். உரமூட்டை ஏற்றச் சீட்டை மடக்கியாக வேண்டும். குடும்பத்தோடு அடிக்கடி சென்னை போகிறவர் என்றால் வீட்டார் கட்சிக்கே என் ஓட்டு.

அப்புறம், பணம் கட்டும் முன் தயாரித்த மாதம், வருடத்தைக் கேளுங்கள். ஆர்சியில் அதுதான் அச்சாகும். நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான்.