கல் படிப்புக்குக் காலம் கொடுங்கள்

அம்மா, “கல்லைப் படித்து என் மகள் எப்படிப் பிழைப்பாள்?” என்று கேட்டிருந்தீர்கள். கவலை நியாயமானது. ஆனால் நிலவியல் படிக்க விரும்பும் அவள் எதன்மேல் ஆசைப்படுகிறாள் என்பதை முதலில் பாருங்கள்.

சமையல் மேடைகளில் பளபளக்கும் கறுப்பு கிரானைட் உங்களுக்குத் தெரியும். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குவாரிகளில் வெட்டும் அந்தக் கல்லில் பெரும்பாலானது கிரானைட்டே அல்ல, டோலரைட். பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த எரிகுழம்பு பழம்பாறையின் பிளவுகளில் புகுந்து சுவராக உறைந்தது. அந்தச் சுவருக்கு டைக் என்று பெயர். பெங்களூரைச் சுற்றிக் கிழக்கு மேற்காக ஓடும் டைக்குகளுக்கு ஏறக்குறைய 237 கோடி வயது.

அந்த வயதைச் சொல்வது பேடலியைட் என்னும் கனிமம். 1892இல் இலங்கையின் இறக்குவானையில் கிடைத்தது அது. பாறையை நொறுக்கி, தலைமுடியின் தடிமன்கூட இல்லாத துகளைப் பிரித்தெடுத்து, அதிலிருந்த யுரேனியத்தில் எவ்வளவு ஈயமாகிவிட்டது என்று அளக்கிறார்கள். யுரேனியம்-238இல் பாதி குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். அந்த வேகம் மாறாது. வெவ்வேறு கண்டங்களில் கிடக்கும் இரண்டு நிலப்பகுதிகளில் ஒரே வயதுள்ள டைக்குகள் இருந்தால், அவை முன்பு ஒட்டியிருந்தனவா என்று தேடத் தொடங்கலாம். உறையும்போது கல்லில் பதிந்த காந்தத் திசை, அந்த நிலம் அன்று எந்த அட்சரேகையில் இருந்தது என்பதையும் காட்டும். இதற்கு வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்களுக்கான படிப்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விண்ணப்பத்தில் கவனம்: பள்ளியில் படித்த புவியியல் வேறு. அவளுக்கு வேண்டியது நிலவியல், அதாவது ஜியாலஜி. சென்னை மாநிலக் கல்லூரியில் இருக்கிறது.

இளநிலை மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு. அதன்பின், மத்தியத் தேர்வாணையத்தின் புவி விஞ்ஞானிகள் தேர்வை எழுதி, 1851இல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேரலாம். பாறையின் வயதைக் கணிப்பதுதான் வேண்டும் என்றால் முனைவர் பட்டம் தவிர வேறு வழியில்லை. ஹைதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு நல்ல இடம். நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் மாதந்தோறும் பணம் வரும். ஆனாலும் மொத்தம் பத்து ஆண்டுகள் ஆகும். மூன்றாம் ஆண்டிலேயே அவள் சம்பளம் வீட்டுக்குத் தேவைப்படும் என்றால், அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். பிளஸ் ஒன் வேதியியல் விடைத்தாளும் வேண்டும். அதை வைத்துக்கொண்டு அவளிடம் நேராகப் பேசுகிறேன்.