கூட்டாளி செத்தால் கேம் என்ன செய்கிறது?

கேள்வி: எனக்கு ஊர் பள்ளத்தூர். ஆறாம் வகுப்பிலிருந்து கூடப் படித்த நண்பன் இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுப் படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) பத்து நாள் லீவில் வருகிறான். அந்தப் பத்து நாளும் ராத்திரியில் சேர்ந்து உட்கார்ந்து ஆட ஆக்‌ஷன் கேம் வேண்டும். அவன் திரும்பிப் போனபிறகும் நெட்டில் தொடர வேண்டும். என்னிடம் கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பும் ஒரு கன்ட்ரோலரும் இருக்கின்றன. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போக முடியாது. நான் ஓரளவு நன்றாக ஆடுவேன், அவன் மொபைலில் ஆடியதோடு சரி. எதை வாங்கலாம்?

பதில்: தம்பி, கடைசி வரியை எழுதினீர்களே, அதற்கு முதலில் நன்றி. காரைக்குடியில் சிஸ்டம் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கேம் கேட்டு வருகிற பையன்கள் ரேம் எவ்வளவு, கார்டு என்ன என்று எல்லாம் சொல்வார்கள். கூட ஆடப்போகிறவன் எப்படி ஆடுவான் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். ஒருவன் தேறினவன், ஒருவன் புதியவன் என்றால் புதியவன்தான் முதலில் சாவான், திரும்பத் திரும்பச் சாவான். அப்போது கேம் அவனை என்ன செய்கிறது? உடனே எழுப்புகிறதா, ஓரமாக உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறதா? ரெண்டு பேர் கேமுக்கு நான் பார்க்கிற முதல் பொருத்தம் இதுதான். ரேட்டிங், விருது எல்லாம் அப்புறம்.

பெரிய கம்பெனிப் பணம் இல்லாமல் சின்னக் கூட்டமாகச் சேர்ந்து செய்கிற இண்டி கேம்களில் இந்த ஒரு விஷயத்துக்கே விதவிதமாக யோசித்திருக்கிறார்கள். 2017-இல் வந்த கப்ஹெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாட், ஜாரெட் மோல்டன்ஹவர் என்ற கனடா அண்ணன் தம்பி, வீட்டை அடமானம் வைத்துச் செய்தது. 1930-களின் கார்ட்டூன் படம் மாதிரியே காகிதத்தில் கையால் வரைந்திருப்பார்கள். அதில் ஒருவன் செத்தால் உடம்பிலிருந்து ஆவி கிளம்பி மெதுவாக மேலே மிதந்து போகும். அது திரையைத் தாண்டுவதற்குள் மற்றவன் எகிறி, சரியான கணத்தில் பொத்தானை அழுத்தி அதைத் தட்டிவிட்டால் ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு எழுந்துவிடுவான். சுற்றிக் குண்டு மழை பெய்யும்போது எகிறுகிறவன் உயிரும் அந்தரத்தில்தான். காப்பாற்றப் போய் ரெண்டு பேரும் சாவது சகஜம்.

அருமையான கேம், ஆனால் உங்கள் ஜோடிக்கு முதல் கேமாக இதைச் சொல்ல மாட்டேன். ரெண்டு பேர் ஆடினால் எதிரித் தலைவனின் பலமும் கூடிவிடும். புதியவன் முதல் நிமிஷத்திலேயே விழுந்து, நீங்கள் ஒற்றை ஆளாக ரெண்டு ஆள் பலமுள்ள எதிரியோடு மல்லுக்கட்டுவீர்கள். மூன்றாம் நாள் அவன் போனை எடுத்து ரீல்ஸ் பார்க்க ஆரம்பித்துவிடுவான். ஏழாம் நாள், எட்டாம் நாள் கை பழகியபிறகு எடுங்கள்.

முதல் ராத்திரிக்கு என் கை போவது லவர்ஸ் இன் எ டேஞ்சரஸ் ஸ்பேஸ்டைம். டொராண்டோவில் ஆஸ்டிராய்டு பேஸ் என்ற சின்ன ஸ்டூடியோ செய்து 2015-இல் வெளியிட்டது. உருண்டையாக ஒரு விண்கலம், அதற்குள் ஏணியும் தளமுமாக வீடு மாதிரி அறைகள். ஓர் அறையில் இன்ஜின், ஓர் அறையில் கேடயம், நாலு பக்கமும் துப்பாக்கி, ஒரு மூலையில் வரைபடம். ஆள் ரெண்டு, வேலை ஏழெட்டு. நீங்கள் இன்ஜினில் இருக்கும்போது பின்னாலிருந்து தாக்குதல் வந்தால் நண்பன் ஏணியில் இறங்கி ஓடித் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும். அவன் போய்ச் சேருவதற்குள் கேடயத்தை இந்தப் பக்கம் திருப்ப ஆள் இருக்காது. “கேடயம்டா! கேடயம்!” என்று நீங்கள் கத்துகிற கத்தலில் பக்கத்து அறையில் படுத்திருக்கிற ஆயா எழுந்து வந்துவிடுவார்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இது உங்களுக்கு ஏன் ஒத்துவரும் என்றால், உயிர் விண்கலத்துக்குத்தான். அடி ரெண்டு பேருக்கும் பொது. “நீ செத்ததாலதான் தோத்தோம்” என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. கை வேகம் குறைந்தவனும் வரைபடம் பார்த்து வழி சொன்னால் அதுவே பாதி ஜெயம்.

அடுத்தது காசில் கிராஷர்ஸ். 2008-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கும் 2012-இல் ஸ்டீமுக்கும் (கணினி கேம்களை நெட்டில் விற்கும் கடை) வந்த பழைய கேம்தான், ஆனால் இன்னும் சலிக்கவில்லை. வாளெடுத்த குட்டி வீரர்கள் இடமிருந்து வலமாக வெட்டிக்கொண்டே போவது, அவ்வளவுதான். கூட்டாளி விழுந்தால் ஓடிப்போய் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்து எழுப்பலாம். ஆனால் ஒரு விஷமம் வைத்திருக்கிறார்கள். இளவரசியை மீட்டதும் ‘இப்போது நீங்களே அடித்துக்கொள்ளுங்கள், ஜெயித்தவனுக்கு முத்தம்’ என்று கேம் திருப்பிவிடும். அதுவரை தோளோடு தோள் நின்றவன் சட்டென்று உங்கள் மண்டையில் போடுவான். பங்காளி என்ற சொல்லுக்கு நம் பக்கம் ரெண்டு அர்த்தம் உண்டல்லவா, ரெண்டையும் ஒரே கேமில் பார்க்கலாம். இதில் ஆட ஆட வீரனின் பலம் ஏறும். அதனால் அவன் தூங்கும்போது நீங்கள் தனியாக ஆடி ஏற்றிக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

புரோஃபோர்ஸ் தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் செய்தது, 2015. ஒரே குண்டில் சாவு, ஆனால் மற்றவன் ஒரு கைதியை விடுவித்தால் செத்தவன் உடனே புது வீரனாக வந்துவிடுவான். சுவர், தரை எல்லாம் உடையும், தெரியாமல் நண்பன் நிற்கிற தரையையே தகர்ப்பீர்கள். சிரிப்புக்கு இது, கணக்குப் போட்டு ஆட இது சரிவராது. என்டர் தி கன்ஜன் நல்லதுதான். ஆனால் செத்தவனை எழுப்ப ஒரு பெட்டியைத் திறக்க வேண்டும், அந்தப் பெட்டியில் வரவேண்டிய ஆயுதம் போய்விடும். நண்பனா துப்பாக்கியா என்ற சோதனை முதல் வாரத்திலேயே வேண்டாம். ரிஸ்க் ஆஃப் ரெயின் 2 உங்கள் லேப்டாப்பில் திணறும், விட்டுவிடுங்கள்.

லேப்டாப் பற்றி ஒரு வார்த்தை. மேலே நான் ஆடச் சொன்ன கேம்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அப்படியும் திக்கினால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். ரேம் ஒரே குச்சியாக இருந்து இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால், அதே அளவில் இன்னொன்று போட்டாலே படம் சீராகும். கார்டு இல்லாத லேப்டாப் ரேமைத்தான் கிராபிக்ஸுக்கும் பயன்படுத்துகிறது, ரெண்டு குச்சி என்றால் ரெண்டு வழியில் தரவு ஓடும்.

டிவியில் மாட்டி ஆடுவீர்கள் என்று நினைக்கிறேன். போன பொங்கல் லீவில் அக்கா மகனோடு கடையிலிருந்த பெரிய டிவியில் கப்ஹெட் போட்டேன். “மாமா, எகிறவே மாட்டேங்குது, பட்டன் செத்துப்போச்சு” என்றான். கன்ட்ரோலரை மாற்றினேன், யூஎஸ்பி போர்ட்டை மாற்றினேன், கேமை அழித்து மறுபடி ஏற்றினேன். முக்கால் மணி நேரம் போனது. கடைசியில் பார்த்தால் டிவி ஒவ்வொரு படத்தையும் வாங்கி மெருகேற்றி, நிதானமாகக் காட்டிக்கொண்டிருந்தது. செட்டிங்கில் ‘கேம் மோடு’ என்று ஒன்று இருக்கும், அதைப் போட்டதும் சரியாகிவிட்டது. சர்வீஸ் கடைக்காரனுக்கே இந்தக் கதி. நீங்கள் முதல் வேலையாக அதைப் போட்டுவிடுங்கள்.

இனி அவன் திரும்பிப் போனபிறகு. இங்கேதான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். புரோஃபோர்ஸும் காசில் கிராஷர்ஸும் நேரடியாக ஆன்லைனில் ஆடலாம். ஆனால் ஆளுக்கொரு பிரதி வேண்டும். இந்திய விலையில் வாங்கி அவனுக்குப் பரிசாக அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விலை வித்தியாசம் அதிகமுள்ள நாடுகளுக்கிடையே பரிசு அனுப்ப ஸ்டீம் விடாது. லவர்ஸும் கப்ஹெட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆட மட்டுமே செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஸ்டீமில் ரிமோட் ப்ளே டுகெதர் என்ற வசதி 2019-இல் வந்தது. கேம் ஒருவனிடம் இருந்தால் போதும். அவன் கணினியில் கேம் ஓடும். மற்றவனுக்கு அது வீடியோவாகப் போகும், அவன் அழுத்துகிற பொத்தான் திரும்பி வரும்.

யார் கணினியில் ஓடவேண்டும் என்பதில்தான் சூட்சுமம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் கடலுக்கடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, போய்வர 32 மில்லி செகண்ட். அந்தக் காலத்தில் நம் ஆட்கள் ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் போன தூரம்! இதற்குமேல் எந்தக் கம்பெனி எந்த பிளான் விற்றாலும் ஒளியை விரட்ட முடியாது. பள்ளத்தூரிலிருந்து சென்னை, வழியிலுள்ள ரவுட்டர்கள் எல்லாம் சேர்த்து 50-க்கு மேலேதான் வரும். வீடியோவைச் சுருக்க, விரிக்க இன்னும் கொஞ்சம். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லி செகண்ட். கேம் ஓடும் கணினியில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தாமதம் இல்லை. விருந்தாளியாக ஆடுகிறவன் மட்டும் ஐந்தாறு ஃபிரேம் பின்னால் இருப்பான்.

அந்த ஐந்தாறு ஃபிரேமை யார் தாங்குவது? கை தேறினவன்தான், அதாவது நீங்கள். கேம் அவன் கணினியில் ஓடட்டும், நீங்கள் விருந்தாளியாகச் சேருங்கள். புதியவனுக்குத் தாமதம் இல்லை, உங்களுக்குக் கொஞ்சம் கை கட்டியது போலிருக்கும், ரெண்டு பேரும் ஏறக்குறைய சமமாகிவிடுவீர்கள். வீடியோ அனுப்புவது அவன் பக்கம் என்பதால் உங்கள் அப்லோடு வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஆகவே அவன் அங்கே ஒரு பிரதி வாங்கிக்கொள்ளட்டும், வெள்ளியில், அதாவது சிங்கப்பூர் டாலரில், சம்பாதிக்கிற பிள்ளை வாங்குவான். லவர்ஸ் இந்த ஏற்பாட்டில் நன்றாகவே ஓடும். கப்ஹெட்டில் ஆவியைத் தட்டுகிற கணம் உங்களுக்குத் தப்பிக்கொண்டே இருக்கும், அதை நேரில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்குள்ளேயே இன்னொரு தாமதம் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுகிறவை. ரவுட்டரை முகப்பில் மாட்டிவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால், நடுவில் அத்தனை செங்கல், சுண்ணாம்புச் சுவர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ரெண்டு சுவரிலேயே செத்துவிடும். 2.4 எட்டும், ஆனால் விட்டுவிட்டு வரும். வளவின் (உள் முற்றத்தின்) ஓரமாக ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாகப் போகும், எந்தப் பழைய வீட்டுக்கும் அது போதும். ஆடும் நேரத்தில் வீட்டில் யாரும் போட்டோக்களை கிளவுடுக்கு ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்லோடு நிரம்பினால் உங்கள் பொத்தான் தகவலும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

செலவு: முதலில் இன்னொரு வயர் கன்ட்ரோலர். கீபோர்டை ரெண்டு பேர் பகிர்ந்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மலிவான கீபோர்டு நாலைந்து விசை ஒன்றாக அழுந்தினால் சிலதைக் கண்டுகொள்ளாது. மிச்சத்தில் லவர்ஸ், அப்புறம் காசில் கிராஷர்ஸ். விலைப்பட்டியலைப் பார்த்து இப்போதே வாங்காதீர்கள், விஷ்லிஸ்ட்டில் போட்டுவையுங்கள். தள்ளுபடி வந்தால் பாதிக்கும் கீழே கிடைக்கும். வாங்கி 14 நாளைக்குள், ரெண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தரும். முதல் ராத்திரி ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் ஒரு தடவை நிறுத்தி, நண்பன் முகத்தைப் பாருங்கள்.

கன்ட்ரோலர் வாங்கும்போது வயர் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள், பட்டாலையில் டிவி வைத்தால் ஒன்றரை மீட்டர் பத்தாது. சீப்புச்சீடையைத் தட்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் கூடவே ஒரு துண்டும் வையுங்கள். எண்ணெய்க் கையோடு வந்த கன்ட்ரோலர்கள் என் மேஜையில் இப்போதே மூன்று கிடக்கின்றன.