சபையார் பார்வையில் வாழ்வது: மனநல ஆலோசகரிடம் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கிறிஸ்தவ சபையில் வாரந்தோறும் சாட்சி, அதாவது கடவுள் அந்த வாரம் செய்ததை எல்லோர் முன்னும், சொல்ல வேண்டும். ஒன்றும் நடக்காத வாரங்களில் கட்டிச் சொல்கிறேன். நான் வேஷக்காரனா?

பதில்: இல்லை. ஒலிவாங்கி கைக்கு வந்து, முன்வரிசையினர் "ஆமென்" சொல்லக் காத்திருக்கும்போது, "இந்த வாரம் ஒன்றுமில்லை" என்று சொல்லி அமர்வதற்குப் பெருந்துணிவு வேண்டும். உளவியலாளர் சாலமன் ஆஷ் 1951-இல் வெளியிட்ட ஆய்வில், கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் எளிய சோதனையிலேயே, உடனிருந்தோர் ஆய்வாளரின் ஏற்பாட்டின்படி ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களின் விடைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அத்தவற்றையே பின்பற்றியது. முன்பின் அறியாதவர்களிடமே இப்படியென்றால், உங்கள் நல்லது கெட்டது அனைத்திலும் உடன்நிற்கும் சபையாரிடம் எப்படி இருக்கும்? ஆனால் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. அப்படி ஒருவரைச் சபைக்குள்ளேயே தேடுங்கள். "இன்னும் காத்திருக்கிறேன்" என்பதும் உண்மையான சாட்சிதான்.

கேள்வி: கண்டிப்பு இல்லாத சபை நிலைக்குமா? நீங்கள் விசுவாசத்தைக் குலைக்கிறீர்கள்.

பதில்: அரைமனத்தோடு இருப்பவர்களைக் கண்டிப்பு விலக்கிவிடுவதால் எஞ்சியோரின் ஈடுபாடு பெருகுகிறது என்று பொருளியலாளர் லாரன்ஸ் இயன்னகோன் 1994-இல் வாதிட்டார். அதில் நியாயம் உண்டு. ஆனால் சபை வலுவாக இருப்பது வேறு, அதற்குள் ஒருவர் நலமாக இருப்பது வேறு.

கேள்வி: (அதே அன்பர்) மனச்சாட்சி சுத்தமாக இருந்தால் சபையாரின் கண்காணிப்பு ஏன் உறுத்த வேண்டும்?

பதில்: மனச்சாட்சி கூர்மையானவர்களையே அது அதிகம் வதைக்கிறது. ஒரு சொல் பிசகியதென்று அதே ஜெபத்தை நள்ளிரவு வரை முதலிலிருந்து சொல்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் ஒரு வடிவமாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அவர்களிடம் "இன்னும் ஊக்கமாக ஜெபி" என்பது நோயை வளர்க்கும்.

கேள்வி: சபையை விட்டு விலகிவிடலாமா?

பதில்: வேலையும் வீடும் சபையாரை நம்பி இருக்கும்போது, கோபத்தில் எதையும் அறிவிக்காதீர்கள்.

கேள்வி: சபைநீக்கத்திற்கு வேத ஆதாரம் உண்டா?

பதில்: இறையியல் கற்றவரிடம் கேளுங்கள்.

கேள்வி: என் 14 வயது மகள் சாட்சி சொல்ல மேடையேற மறுக்கிறாள். சபை மூப்பர்கள் என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

பதில்: "அவளுக்கு விருப்பம் வரும்போது பேசுவாள்" என்று சொல்லுங்கள். அதை அவள் காதுபடச் சொல்லுங்கள்.