கேள்வி பதில்: வாட்ஸ்அப் கணக்கும் கைமரத்தின் நீளமும்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் பழைய ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டுத் தகரம் போடுகிறோம். சுவரிலிருந்து முகட்டுக்கு நேர் கீழே வரை 12 அடி, சுவரைவிட முகடு 3 அடி உயரம். முகட்டிலிருந்து சுவர் வரை சாய்வாக வரும் கைமரம் எவ்வளவு நீளம் வேண்டும் என்று பார்க்க, பழந்தமிழ்ப் பாட்டு என்று வாட்ஸ்அப்பில் வந்த கணக்கைப் போட்டேன். பெரிய பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, சின்னப் பக்கத்தில் பாதியைக் கூட்டினால் கர்ணம் வருமாம். எனக்கு 12 அடிதான் வருகிறது, ஆசாரி போதாது என்கிறார். நான் தப்பாகப் போட்டேனா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: நீங்கள் சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள், விதிதான் தப்பு. ஆசாரி பேச்சைக் கேளுங்கள்.

செங்கோண முக்கோணத்தில் கர்ணம்தான் எப்போதும் மிக நீளமான பக்கம். அடிப்பக்கமும் 12, சாய்வும் 12 என்றால் முகடு உயரவே இல்லை என்றாகிவிடும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தையே போடுங்கள்: 144-உம் 9-உம் 153, அதன் வர்க்கமூலம் சுமார் 12.37. அதாவது 12 அடி நாலரை அங்குலம். சுவருக்கு வெளியே மழைக்காக நீட்டுவதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் இதை நம்புகிறார்கள்? 3, 4 போட்டால் 5 வருகிறது, 5, 12 போட்டால் 13 வருகிறது, இரண்டும் அச்சு அசலாகச் சரி, பார்த்தவுடன் ஆச்சரியப்பட்டுப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். ஆனால் இந்த விதியையும் பிதாகரஸையும் சமன்படுத்தி இருபடிச் சமன்பாடாகத் தீர்த்துப் பாருங்கள், சின்னப் பக்கம் பெரிய பக்கத்தில் 3/4 அல்லது 5/12 பங்காக இருந்தால் மட்டுமே விடை சரியாக வரும், வேறு எங்கும் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் பிழை ஒரு சதவீதம்கூட இல்லை, ஆகவே முகடு 6 அடி உயரமாக இருந்திருந்தால் ஒரு அங்குலம்தான் கூடுதலாக வந்திருக்கும், நீங்களும் கவனித்திருக்க மாட்டீர்கள். உயரம் அடிப்பக்கத்தில் கால் பங்குக்கு வரும்போதுதான் விதி தரும் கர்ணம் அடிப்பக்கத்தின் அளவிலேயே நின்றுவிடுகிறது, அதற்கும் கீழே போனால் அடிப்பக்கத்தைவிடக் குறைந்தே போகிறது. உங்கள் கூரை சரியாகக் கால் பங்கில் இருக்கிறது.

நம் முன்னோரின் கணக்கறிவைச் சொல்ல எனக்கும் ஆசைதான், அதற்கு இந்தப் பாட்டு வேண்டாம். செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மேல் வரையும் சதுரம் இரு பக்கச் சதுரங்களின் கூடுதலுக்குச் சமம் என்று வேள்வி மேடை அளவுகளைச் சொல்லும் பழைய வடமொழி நூலான போதாயனரின் சுல்ப சூத்திரம் தெளிவாகச் சொல்கிறது. 2-இன் வர்க்கமூலத்துக்கு அது தரும் மதிப்பு 577/408, ஐந்து தசம இடம் வரை சரி. பக்கம் 1 உள்ள சதுரத்துக்கு இந்த வாட்ஸ்அப் விதி தருவதோ 1.375.

கேள்வி: மலை ரயில் பாதையில் 12 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம் இருக்கிறதாமே, அந்தச் சாய்வால்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஆகிறதா?
- ஒரு மாணவி, குன்னூர்

பதில்: இல்லைம்மா, போட்டுப் பார். 12-இன் வர்க்கம் 144, கூட 1, மொத்தம் 145. வர்க்கமூலம் 12.04. அதாவது 12 மீட்டருக்கு வெறும் 4 சென்டிமீட்டர்தான் கூடுகிறது, அதுவும் பாதையிலேயே செங்குத்தான இடத்தில், பல்சக்கரம் இல்லாமல் ஏற முடியாத இடத்தில். நீளத்துக்குக் காரணம் வளைவுகள். மலையடிவாரத்துக் கல்லாறிலிருந்து குன்னூருக்குச் சுமார் 1300 மீட்டர் ஏற வேண்டும், ஒவ்வொரு மீட்டருக்கும் குறைந்தது 12 மீட்டர் ஓடியாக வேண்டும், அப்படியானால் அந்தப் பகுதிக்கே 15 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிடும். நேர்க்கோட்டில் அவ்வளவு தூரம் மலையில் கிடைக்காது, அதனால்தான் பாதை சுற்றிச் சுற்றிப் போகிறது.