பிள்ளையள் சாட்ஜிபிடியில எழுதிக்கொண்டு வந்தால்

வணக்கம் தங்கச்சி. நோயாளியின்ர பராமரிப்புத் திட்டத்தைச் சாட்ஜிபிடியில எடுத்து எழுதுற தாதிய மாணவரை முழுசாத் தடுக்கிறதோ எண்டு கேட்டிருக்கிறியள். தடுக்காதேங்கோ, ஒளிச்சுச் செய்வினம். நானும் யாழ்ப்பாணத்தில அவைக்குத்தான் படிப்பிக்கிறன். முதல் எனக்கும் பயம்தான். இப்ப ஒப்படையை நோயாளியின்ர கட்டிலடியில வைச்சுத்தான் கேள்வி கேக்கிறன். போன கிழமை ஒரு பிள்ளை ஒரு ஐயாவின்ர நீரிழிவுக் கால்புண்ணுக்கு வடிவா எழுதியிருந்தா. "ஐயாவின்ர கால் சூடோ குளிரோ?" எண்டன். கண் கலங்கிட்டா. பிறகு ரெண்டு பேருமாப் போய்த் தொட்டுப் பாத்தம்.

சேலைன் ஏத்துற வேகக் கணக்கையும் கையால செய்விக்கோணும். 500 மில்லிலீற்றர் சேலைன், 4 மணித்தியாலம், மில்லிலீற்றருக்கு 20 துளி எண்டால் நிமிசத்துக்குக் கிட்டத்தட்ட 42 துளி. செயலி சொன்னாலும் மணிக்கூட்டைப் பாத்து எண்ணட்டும். நோயாளியின்ர பேர், கட்டில் இலக்கம் ஒண்டையும் செயலிக்குள்ள எழுத விடாதேங்கோ.