கிராமத்தை நினைத்து ஏங்கும் கவிதைகள்: கேள்வி பதில்

கேள்வி: இந்த ஏக்கமெல்லாம் நகரத்துக்குக் குடிபோனவர்கள் கிளப்பிவிட்டதுதானே?

பதில்: ஏக்கம் ரொம்பப் பழசு. புறநானூறு 243 ‘இனி நினைந்து இரக்கம் ஆகின்று’ என்றுதான் தொடங்குகிறது. தடியூன்றி நடுங்கி, இருமலுக்கு நடுவே சில வார்த்தை பேசும் கிழவர், நீர்மேல் தாழ்ந்த மருதமரக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் மிரள, திவலை தெறிக்கத் துடுமெனக் குதித்து, முங்கி அடிமணலை அள்ளி வந்த வயசை நினைக்கிறார். ஆனால் அவருக்குப் போனது இளமை. குளம் வற்றியதாக அவர் சொல்லவே இல்லை.

கேள்வி: சரி, ஊரே போனதை எழுதியவர்கள்?

பதில்: ஆங்கிலத்தில் ஆலிவர் கோல்ட்ஸ்மித், 1770இல். பணக்காரர்கள் நிலத்தை வளைத்துப் போட, சனங்கள் கப்பலேறிய கதை. எனக்குப் பிடித்தவர் ஜான் க்ளேர்தான். பண்ணைக் கூலியாக இருந்தவர், 1809இல் சட்டம் போட்டு அவர் ஊர்ப் பொதுநிலத்தை வேலியடைத்ததைக் கண்ணால் பார்த்தவர். ஊர் போச்சே என்று பொத்தாம்பொதுவாகப் புலம்பாமல், எந்தப் பாதை அடைபட்டது, எந்த மரம் வெட்டுப்பட்டது என்று எழுதினார்.

கேள்வி: திண்ணை, மாட்டுவண்டி, கிணறு எல்லாம் வைத்து எழுதினேன். ஏற்கெனவே படித்த மாதிரி இருக்கிறது என்கிறார்கள்.

பதில்: பட்டியல் போட்டால் அப்படித்தான் இருக்கும். கிணற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கயிறு உரசி உரசிக் கைப்பிடிக் கல்லில் விழுந்த பள்ளம் தெரியுமா? எத்தனையோ பேர் இறைத்த தண்ணீர் அந்தப் பள்ளத்தில் இருக்கிறது. அதை ஒழுங்காகக் காட்டினால் ‘அந்தக் காலம்’ என்ற வார்த்தையே கவிதைக்குத் தேவைப்படாது.

கேள்வி: அந்தக் காலத்தில் எல்லாரும் நிம்மதியாகவா இருந்தார்கள்?

பதில்: எங்கே இருந்தார்கள்! அதே கிணற்றில் கயிற்றைத் தொட விடாமல், யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு ஒதுங்கி நிற்க வைக்கப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுப் பேரன் எழுதினால் கவிதை வேறு மாதிரி வரும், வரத்தான் வேண்டும். ஆங்கிலத்திலும் இந்தச் சண்டை நடந்தது: ஜார்ஜ் க்ராப் 1783இல், கிராமத்தை அழகாக மட்டும் பாடுகிறீர்களே, அங்கே உழைத்து ஓடாய்த் தேய்கிறவனைப் பாருங்கள் என்ற தொனியில் ஒரு நெடுங்கவிதையே எழுதினார்.

கேள்வி: வட்டார வழக்கு போடலாமா?

பதில்: தாராளமாக. அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம்.

கேள்வி: நான் நகரத்திலேயே பிறந்தவன் ஐயா, எழுதலாமா?

பதில்: எழுதுங்கள். ஆனால் பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதாகவே எழுதுங்கள். ‘நான் ஏர் பிடித்தேன்’ என்று ஆரம்பித்தால், நிஜமாக உழுதவர் இரண்டாவது வரியிலேயே பிடித்துவிடுவார்.